ஜேபிக்கு (ஜோகூர் பாருவுக்கு) எப்போது கிளம்புவது? கடற்பாலத்துக் கூட்டத்தைக் கேமராவிலும் கைப்பேசியிலும் படிக்கும் முறை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் என் கைப்பேசிக்கு ஓய்வே இருக்காது. "சித்தி, இப்போ கிளம்பலாமா?", "சித்தி, உட்லண்ட்ஸா துவாஸா?" என்று வரிசையாகச் செய்தி வரும். நாங்கள் சிங்கப்பூரில், தோ பாயோவில் இருக்கிறோம். அக்கா குடும்பம் எல்லைக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜோகூரில், ஸ்கூடாயில். அக்கா பிள்ளைகள் சிலர் இங்கே வேலை பார்க்கிறார்கள். எல்லையைக் கடப்பது எங்கள் வீட்டில் மளிகைக்கடைக்குப் போவது மாதிரி ஆகிவிட்டது. காரில் போக இரண்டு வழி: உட்லண்ட்ஸ் வழியாகக் கடற்பாலம், துவாஸ் வழியாக இரண்டாம் இணைப்பு என்கிற பாலம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை என்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன். சிங்கப்பூர் காரில் போகிறவர்களுக்குத்தான் இது முக்கியமாக உதவும். ஜோகூர் கார் வைத்திருப்பவர்களுக்கும், ஊரிலிருந்து வரும் விருந்தாளிகளுக்கும் இடையில் கொஞ்சம் இருக்கிறது.

நான் காரோட்டுகிறேன், என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்க்கிறார். இந்த வேலைப் பங்கீட்டை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓடும்போது ஓட்டுநர் கைப்பேசியைப் பிடித்திருப்பது சிங்கப்பூரில் குற்றம். வரிசையில் அங்குலம் அங்குலமாக நகர்வதும் ஓட்டுவதுதான்.

வரிசை ஏன் நிற்கிறது

கடற்பாலம் 1924-இல் திறக்கப்பட்டது. நீளம் ஒரு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். சாலை காலியாக இருந்தால் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடலாம். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியை மட்டும் ஒரு நாளைக்குச் சராசரியாக மூன்று லட்சம் பேருக்கு மேல் கடக்கிறார்கள். ஆகவே அங்கே நிற்பது சாலை நெரிசல் என்று நினைக்காதீர்கள். அது கவுண்டர் வரிசை. இரண்டு கவுண்டர்கள், ஒன்றன்பின் ஒன்றாக: முதலில் சிங்கப்பூரை விட்டு வெளியேறும் கவுண்டர், பாலம் தாண்டியதும் மலேசியாவுக்குள் நுழையும் கவுண்டர். அந்த மலேசியக் கட்டடத்தின் பெயர் பங்குனான் சுல்தான் இஸ்கந்தர். 2008 கடைசியில் திறந்தார்கள். எல்லோரும் பிஎஸ்ஐ என்கிறோம்.

இரண்டு கவுண்டருக்கும் நடுவில் இருக்கும் பாலத்தைக் கல்யாணப் பந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருப்பவர்கள் சாப்பிட்டு எழுந்தால்தான் வாசலில் நிற்பவர்களை உள்ளே விட முடியும். ஒரு காருக்கு இடைவெளியோடு சேர்த்து ஏழு மீட்டர் என்றால், ஒரு தடத்தில் ஏறக்குறைய 150 கார்தான் பாலத்தில் நிற்கும். அது நிரம்பிவிட்டால் சிங்கப்பூர்ப் பக்கம் எத்தனை கவுண்டர் திறந்தாலும் பயனில்லை. வெளியே விட்ட காருக்கு நிற்க இடம் வேண்டுமே. அப்போது வரிசையின் வால் பின்னால் நீண்டு பிகேஇ, அதாவது புக்கிட் தீமா விரைவுச்சாலை வரை வந்துவிடும். மலேசியாவில் ஆரம்பித்த தாமதத்தை நாம் சிங்கப்பூரில் நின்று அனுபவிக்கிறோம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு காருக்கு ஒரு நிமிடம், 20 கவுண்டர் திறந்திருக்கிறது என்றால் ஒரு மணி நேரத்தில் 1,200 கார் போகும். அதுவே 10 கவுண்டர் என்றால் 600. வெளியில் நிற்கும் வரிசையின் நீளம் இரண்டு சமயத்திலும் ஒன்றாகவே தெரியும். காத்திருக்கும் நேரம் மட்டும் இரட்டிப்பாகும். "வரிசை நீளமா இருக்கா?" என்று கேட்டால் பாதி விஷயம்தான் கிடைக்கும். "நகர்கிறதா?" என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேமராவைப் படிப்பது

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் போக்குவரத்துக் கேமராக்கள் என்ற பகுதி உண்டு. அதில் உட்லண்ட்ஸ், துவாஸ் இரண்டுக்கும் தனிப் பட்டியல் இருக்கிறது. இலவசம், கணக்குத் திறக்க வேண்டாம். ஆனால் அது காணொளி அல்ல. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறும் அசையாப் படம். படத்தில் நேரம் போட்டிருக்கும். அதை முதலில் பாருங்கள். சில உலாவிகள் பழைய படத்தையே திரும்பக் காட்டும்.

உட்லண்ட்ஸுக்கு இரண்டு படம் முக்கியம். ஒன்று, கடற்பாலத்திலிருந்து ஜோகூர் நோக்கிய பார்வை. மற்றொன்று, சோதனைச்சாவடியிலிருந்து பிகேஇ நோக்கிய பார்வை. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் குழம்புகிறார்கள். எந்தப் பக்கம் போகிற வரிசை, எந்தப் பக்கம் வருகிற வரிசை? இரண்டு நாட்டிலும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறோம். ஆகவே ஜோகூர் நோக்கிய படத்தில் இடப்பக்கம் இருப்பவை ஜோகூருக்குப் போகின்றன. இரவில் அவற்றின் பின்பக்கச் சிவப்பு விளக்கு தெரியும். வலப்பக்கம் வெள்ளை விளக்கோடு வருபவை சிங்கப்பூருக்கு வருகின்றன.

பிகேஇ நோக்கிய படத்தில் கதை தலைகீழ். கேமரா சாவடியிலிருந்து ஊருக்குள் பார்க்கிறது. அதனால் ஜோகூருக்குப் போக வருபவர்கள் நம் முகத்துக்கு நேராக, வலப்பக்கத்தில், வெள்ளை விளக்கோடு தெரிவார்கள். இதை ஒருமுறை மனதில் பதித்துக்கொண்டால் போதும். ஜேபி போக வேண்டுமா? பாலத்துப் படத்தில் சிவப்பு, பிகேஇ படத்தில் வெள்ளை. கேமராவை எதிர்ப்பக்கம் திருப்பியிருந்தால் இந்தக் கணக்கும் அப்படியே தலைகீழாகும்.

இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பாலத்தில் சிவப்பு விளக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறது, ஆனால் பிகேஇ பக்கம் நிரம்பி வழிகிறது என்றால், தாமதம் சிங்கப்பூர் கவுண்டரில். இது பெரும்பாலும் சீக்கிரம் கரையும். கூடுதல் கவுண்டர் திறந்தால் உடனே பலன் தெரியும், அந்தப் பக்கம் இடம் இருக்கிறது. இப்படி இருந்தால் நான் கிளம்பிவிடுவேன். இரண்டு படமும் நிரம்பியிருந்தால் தாமதம் பிஎஸ்ஐயில். அது லேசில் விடாது. அப்போது வீட்டில் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பலாம், அல்லது துவாஸைப் பார்க்கலாம். பாலம் நிரம்பி பிகேஇ காலியாக இருந்தால் யோசிக்காமல் உடனே கிளம்புங்கள். வால் நீளத்தான் போகிறது, இன்னும் அரை மணி நேரத்தில் அந்தப் படமும் நிரம்பிவிடும்.

நகர்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி: படத்தில் தனியாகத் தெரியும் ஒரு வண்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெள்ளை வேன், கூரையில் பெட்டி வைத்த கார், எதுவானாலும் சரி. அடுத்த படம் வந்ததும் அதைத் தேடுங்கள். அதே இடத்தில் நின்றால் வரிசை உறைந்திருக்கிறது. காணாமல் போயிருந்தால் நல்லது. கனரக வாகனத்தை அடையாளமாக வைக்காதீர்கள். லாரிக்குத் தனி வரிசை, தனிச் சோதனை. அது நிற்பதும் நகர்வதும் காருக்குப் பொருந்தாது. மோட்டார்சைக்கிளும் அப்படியே.

என் மகள் இதில் ஒரு படி மேலே போய்விட்டாள். இதே கேமராப் படங்களை அரசாங்கம் திறந்த தரவாகவும் தருகிறது. நிரல் எழுதத் தெரிந்த யாரும் இலவசமாக எடுக்கலாம். கடற்பாலம் 2701, உட்லண்ட்ஸ் சாவடி 2702, துவாஸில் இரண்டாம் இணைப்பு 4703, துவாஸ் சாவடி 4713 என்று கேமராக்களுக்கு எண் உண்டு. அவள் ஒரு குட்டி நிரல் எழுதி, இந்த நான்கையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமித்து வைத்தாள். ஒரு பள்ளி விடுமுறை முழுவதும் சேர்ந்த படங்களை வேகமாக ஓட்டிப் பார்த்தால், வால் எத்தனை மணிக்கு வளர ஆரம்பிக்கிறது என்று கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. உங்கள் வீட்டிலும் கணினி படிக்கிற பிள்ளை இருந்தால் கேட்டுப் பாருங்கள். நெரிசல் நிலவரம் காட்டும் செயலிகள் பலவும் இந்தப் படங்களைத்தான் எடுத்துப் போடுகின்றன. அவற்றுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

வரைபடச் செயலி சொல்லும் நிமிடக் கணக்கு

கூகள் மேப்ஸையும் வேஸையும் நான் பார்க்கிறேன். ஆனால் பாலத்துக்கு அவை காட்டும் நிமிடத்தை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. இந்தச் செயலிகள் சாலையில் நகரும் கைப்பேசிகளின் வேகத்தை வைத்துக் கணக்குப் போடுகின்றன. கடற்பாலத்தில் மோட்டார்சைக்கிள் கூட்டம் மிக அதிகம், அவர்கள் தனித் தடத்தில் சரசரவென்று போய்விடுவார்கள். அவர்கள் வேகமும் கணக்கில் கலந்தால் காருக்குக் காட்டும் நேரம் குறைந்துபோகும் என்பது என் சந்தேகம். அதோடு, கட்டடத்துக்குள் மேற்கூரைக்குக் கீழே நிற்கும்போது இருப்பிடச் சமிக்ஞை தடுமாறும். பாலத்தில் ஏறியதும் கைப்பேசி மலேசிய அலைக்குத் தாவும்.

அதனால் நிமிடத்தை விட்டுவிட்டு நிறத்தைப் பாருங்கள். உட்லண்ட்ஸ் பக்கம் கரும்சிவப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்பதுதான் பயனுள்ள தகவல். சாவடிக் கட்டடத்தை ஒட்டியா, பிகேஇயில் கொஞ்சம் தூரத்திலேயேவா? அதைக் கேமராவோடு ஒப்பிடுங்கள். வேஸ் வேறு விதத்தில் உதவும். வரிசையில் நிற்பவர்களே விபத்து, பழுதான வண்டி என்று குறித்துப் போடுவார்கள், ஜோகூர் பக்கத்தில் அதைப் பயன்படுத்துவோர் ஏராளம்.

நீண்ட வாரயிறுதிக்கு முன்னால் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையம் முன்கூட்டியே அறிவிப்பு வெளியிடும். எந்தெந்த நாளில் கூட்டம் அதிகம், எவ்வளவு நேரம் ஆகலாம் என்று அதில் இருக்கும். மூன்று மணி நேரம் என்று அவர்கள் சொன்னால் நம்புங்கள். ஆணையத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் அன்றன்றைய நிலவரமும் வரும்.

எங்கே முடிவெடுப்பது

இது எல்லாவற்றையும் எப்போது பார்க்க வேண்டும்? இதற்குத்தான் நான் அதிக முக்கியத்துவம் கொடுப்பேன். பிகேஇயின் கடைசி வெளிவழியைத் தாண்டிய பிறகு உலகத்திலுள்ள எல்லாக் கேமராவும் கையில் இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. வரிசையோடு போக வேண்டியதுதான். தகவலுக்கு மதிப்பு இருப்பது, இன்னொரு பாதைக்குத் திரும்ப முடிகிற இடம் வரைக்கும்தான்.

எங்களுக்கு அந்த இடம் பிஐஇயில், அதாவது தீவு விரைவுச்சாலையில், சான்டெக் மேம்பாலம். அங்கே பிகேஇக்குப் பிரிந்தால் உட்லண்ட்ஸ், நேராகப் போனால் துவாஸ். வீட்டில் ஒருமுறை கேமரா பார்ப்போம், அந்தப் பிரிவுக்கு முன்னால் என் கணவர் இன்னொரு முறை பார்ப்பார். விரைவுச்சாலைக்கு மேலே இருக்கும் மின்பலகையில் சாவடிப் பக்கம் நெரிசல் என்று செய்தி ஓடினால், அதை நான் எதிர்த்துப் பேசுவதில்லை. வால் விரைவுச்சாலைக்கு வந்த பிறகுதான் பெரும்பாலும் அங்கே செய்தி போடுவார்கள். உங்கள் வீடு எங்கே இருக்கிறதோ, அதற்கேற்ற பிரிவை முன்கூட்டியே வரைபடத்தில் குறித்துவையுங்கள். ஈசூனில் இருப்பவர்களுக்கு வீட்டு வாசல்தான் அந்தப் பிரிவு. எஸ்எல்இயில் (சிலேத்தார் விரைவுச்சாலையில்) ஏறிவிட்டால் சிறிது நேரத்திலேயே சாவடிப் பக்கம் வந்துவிடுவீர்கள். ஜூரோங்கில் இருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம், உங்களுக்குத் துவாஸ்தான்.

துவாஸ் எல்லோருக்கும் விடை அல்ல. இரண்டாம் இணைப்பு 1998-இல் திறந்தது, பாலம் கிட்டத்தட்ட 1.9 கிலோமீட்டர். சாலைக் கட்டணம் உட்லண்ட்ஸைவிட அதிகம், பெட்ரோலும் கூடச் செலவாகும். கேலாங் பாத்தா, லீகோலேண்ட், புக்கிட் இண்டா போகிறவர்களுக்கு அதுவே நேர்வழி. கோலாலம்பூர் போகிறவர்களுக்கும் அப்படியே. ஊருக்குள் நுழையாமல் நேராக வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைப் பிடித்துவிடலாம். மாசாய், பாசிர் கூடாங் பக்கம் போகிறவர்கள் துவாஸ் வழியாகப் போனால் ஜோகூரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். உட்லண்ட்ஸில் மிச்சமான நேரம் அங்கே போய்விடும். ஸ்கூடாய்க்கு இரண்டும் ஓரளவு சமம் என்பதால்தான் எங்கள் வீட்டில் வாரா வாரம் இந்த விவாதம்.

நேரம் பற்றி இரண்டு வரி. வெள்ளி சாயங்காலமும் சனிக்கிழமை காலையும் போகிற கூட்டம், ஞாயிறு மதியத்துக்குப் பின் திரும்புகிற கூட்டம். வார நாட்களில் அதிகாலையில் ஜோகூரிலிருந்து வேலைக்கு வருபவர்கள், மாலையில் திரும்புபவர்கள். ஜோகூரில் முன்பு வெள்ளியும் சனியும் வார விடுமுறை. 2025 ஜனவரி முதல் அது சனி, ஞாயிறு ஆகிவிட்டது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அங்கே வேலைநாள், இப்போது இரண்டு ஊருக்கும் ஒரே நாளில் விடுமுறை. பழைய அனுபவத்தில் "ஞாயிறு காலை காலியா இருக்கும்" என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். தைப்பூசம் மாதிரி ஒரு பக்கம் மட்டும் விடுமுறையான நாட்களையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ஜோகூருக்கு அன்று விடுமுறை, சிங்கப்பூருக்கு இல்லை.

கிளம்பும் முன் முடிக்க வேண்டியவை

விஇபி. மலேசியாவுக்குள் போகும் சிங்கப்பூர் வாகனத்துக்கு மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை தரும் நுழைவு அனுமதி. ஒரு சிறிய ஆர்எஃப்ஐடி ஸ்டிக்கர், 10 ரிங்கிட், ஐந்து ஆண்டுக்குச் செல்லும். பல முறை தள்ளிப் போட்டு, 2024 அக்டோபர் 1-இல் கட்டாயமாக்கினார்கள். 2025 ஜூலை 1 முதல், இல்லாமல் போனால் 300 ரிங்கிட் அபராதம். அதைக் கட்டிவிட்டுத்தான் மலேசியாவை விட்டு வெளியே வர முடியும். இணையத்தில் விண்ணப்பித்து, ஒப்புதல் வந்து, ஸ்டிக்கர் கையில் கிடைத்து, அதை ஒட்டி, இயக்கி வைக்கும் வரை நாள் பிடிக்கும். வெள்ளிக்கிழமை போக வேண்டும் என்று புதன்கிழமை ஆரம்பிக்காதீர்கள். விண்ணப்பத்தில் காரின் பதிவு விவரமும் உரிமையாளர் பெயரும் ஆவணத்தில் இருப்பது போல எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். நம் பெயர்களில் "எஸ்/ஓ", "டி/ஓ" வேறு வருகிறது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி போடுங்கள். ஒட்டியதை உரித்து வேறிடத்தில் ஒட்டலாம் என்று நினைக்க வேண்டாம், கிழிந்தால் வேலை செய்யாது. கார் மாற்றினால் புதிதாகப் பதிய வேண்டும்.

டச் 'என் கோ. மலேசியாவில் சாலைக் கட்டணம் கட்டும் அட்டையும் மின்பணப்பையும். வெளிநாட்டுத் தனியார் கார் ஒவ்வொரு முறை மலேசியாவுக்குள் நுழையும்போதும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் உண்டு, 2016 நவம்பரில் ஆரம்பித்தது. அப்புறம் நெடுஞ்சாலைச் சுங்கம். டச் 'என் கோ மின்பணப்பையைத்தான் விஇபியோடு இணைக்கிறோம். நான் அதோடு அட்டையையும் காரில் வைத்திருக்கிறேன், இரண்டிலும் மீதி இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். கவுண்டரில் பணம் போதாமல் ஒரு கார் நின்றால் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் நிற்க வேண்டும். பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிக்கும் விதத்திலேயே நமக்குப் புரிந்துவிடும்.

பெட்ரோல். சிங்கப்பூர் கார் வெளியே போகும்போது தொட்டியில் முக்கால் பாகத்துக்குக் குறையாமல் எரிபொருள் இருக்க வேண்டும். குறைந்தால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், திருப்பி அனுப்பவும் செய்வார்கள். அந்த வரிசையில் அவ்வளவு நேரம் நின்று, கவுண்டருக்கு வந்து, திரும்பி வருவதை யோசித்துப் பாருங்கள். வரிசையில் நிற்கும்போதே கொஞ்சம் எரிந்துவிடும், அதனால் முக்கால் கோட்டில் நிற்காமல் அதற்கு மேலே வைத்துக் கிளம்புங்கள். மலேசியாவில் வெளிநாட்டு வண்டிக்கு ரான்95 ரகப் பெட்ரோல் போடக் கூடாது, ரான்97 மட்டும்.

கியூஆர் குறியீடு. இத்தனை விஷயங்களில் உங்கள் கையில் இருக்கும் ஒரே வேக மருந்து இதுதான். 2024 மார்ச் 19 முதல் உட்லண்ட்ஸிலும் துவாஸிலும் காரில் போகிறவர்கள் கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) கொடுக்காமல் கியூஆரைக் காட்டிக் கடக்கலாம். குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் மைஐசிஏ செயலியில் ஒவ்வொருவர் கடப்பிதழ் விவரத்தையும் ஒருமுறை ஏற்றிவிட்டு, காரில் போகும் எல்லோரையும் ஒரே குழுவாகச் சேர்த்து ஒரே குறியீடு எடுக்க வேண்டும். ஒரு குறியீட்டில் 10 பேர் வரை சேர்க்கலாம். நான்கு பேர் இருக்கும் காருக்கு ஏறத்தாழ 20 வினாடி மிச்சம் என்று ஆணையம் சொல்கிறது. பூ, இவ்வளவுதானா என்று தோன்றும். உங்களுக்கு முன்னால் அதே கவுண்டருக்கு 60 கார் நிற்கிறது என்று வையுங்கள். ஒவ்வொன்றும் 20 வினாடி மிச்சம் பிடித்தால் உங்களுக்கு 20 நிமிடம் முன்னால் வழி கிடைக்கும். ஆகவே இது நமக்காகச் செய்வதைவிட, பின்னால் நிற்பவருக்காகச் செய்வது. அவரும் முன்னால் நிற்பவரும் செய்தால்தான் நமக்குப் பலன்.

செயலியில் குழுக்களுக்குப் பெயர் வைக்கலாம். எங்களுடையதில் "நாங்க மூணு பேர்", "மாமியாரோட", "அக்கா வீட்டுக்கு எல்லாரும்" என்று இருக்கிறது. யார் ஏறுகிறார்கள் என்று பார்த்துச் சரியான குழுவைத் தேர்ந்தெடுங்கள். காரில் இல்லாதவர் பெயர் குறியீட்டில் இருந்தால் சிக்கல். கடப்பிதழ் புதுப்பித்தால் செயலியிலும் எண்ணை மாற்றுங்கள். கவுண்டருக்கு வருவதற்கு முன்பே குறியீட்டைத் திறந்து, திரை வெளிச்சத்தை முழுவதும் ஏற்றி வையுங்கள். பின்பக்கக் கண்ணாடியை இறக்கி, தொப்பி, முகக்கவசம் எல்லாம் கழற்றச் சொல்லுங்கள், அதிகாரி முகத்தைப் பார்ப்பார். தூங்குகிற குழந்தையின் முகமும் தெரிய வேண்டும். கியூஆர் இருக்கிறதே என்று கடப்பிதழை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் கடப்பிதழ் வேண்டும்.

ஊரிலிருந்து விருந்தாளி வந்திருந்தால்

இது நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது. தஞ்சாவூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ அம்மா அப்பா வந்திருப்பார்கள், ஒரு நாள் ஜேபிக்குக் கூட்டிக்கொண்டு போய் வரலாம் என்று தோன்றும். முதலில் அவர்களுடைய சிங்கப்பூர் விசா பல முறை நுழையக்கூடியதா என்று பாருங்கள். ஒருமுறை மட்டும் என்றால் போகலாம், திரும்பி வருவது கஷ்டம். மலேசியாவுக்கு இந்தியக் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் விசா விலக்கு இருக்கிறது. அது காலவரம்பு வைத்த சலுகை, போகும்முன் நடப்பில் உள்ளதா என்று உறுதிசெய்யுங்கள்.

படிவங்கள் இரண்டு. மலேசியாவின் மின்னியல் வருகை அட்டை, போவதற்கு முன் மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அது தேவையில்லை. ஆனால் இங்கே நிரந்தரவாசியாக இருக்கும் இந்தியக் குடிமகனுக்குத் தேவை. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திரும்பும்போது சிங்கப்பூரின் வருகை அட்டை, அதுவும் மூன்று நாளுக்குள். நிலவழியாக வரும் குடிமக்கள், நிரந்தரவாசிகள், நீண்டகால அனுமதி வைத்திருப்போர் அதை நிரப்ப வேண்டாம், விருந்தாளி நிரப்ப வேண்டும். இரண்டும் அதிகாரபூர்வத் தளத்தில் இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். அதே கடப்பிதழில் முன்பே சிங்கப்பூர் வந்து போனவர் என்றால் கியூஆர் குழுவில் சேர்க்கலாம். முதல் முறை நுழைபவர் கடப்பிதழைத்தான் காட்ட வேண்டும்.

ஜோகூர் காரில் வருகிற அக்கா பிள்ளைகளுக்கு

உங்களுக்கு ஆட்டோபாஸ் அட்டை வேண்டும், சிங்கப்பூர்க் கட்டணங்களை அதிலிருந்துதான் எடுப்பார்கள். சிங்கப்பூரில் வெளிநாட்டுக் காருக்கு நுழைவு அனுமதிக் கட்டணம் ஒரு நாளைக்கு 35 வெள்ளி. ஆனால் சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் கிடையாது, வார நாட்களில் மாலை 5 மணியிலிருந்து பின்னிரவு 2 மணி வரையும் கிடையாது. ஆண்டுக்கு 10 நாள் இலவசமும் உண்டு. இது போக ஒவ்வொரு முறை நுழையும்போதும் 6.40 வெள்ளி சாலைக் கட்டணம், சுங்கம் தனி. கட்டணங்கள் மாறக்கூடியவை, ஒன்மோட்டரிங்கில் பார்த்துக்கொள்ளுங்கள். 4.45-க்குக் கவுண்டருக்கு வந்துவிட்டோமே என்று வருத்தப்படுவதைவிட, ஸ்கூடாயில் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

வரிசையிலும், திரும்பும்போதும்

தடம் தாவாதீர்கள். என் கணவருக்கு இது பிடிக்காத அறிவுரை. பக்கத்துத் தடம் நகர்ந்தால் அவருக்குத் தாங்காது. குறுக்கே நுழைபவர்களைப் பிடித்தால் மறுபடி வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிடுவார்கள், அது நியாயமும்தான்.

திரும்பும் வழிக்கு, பாலத்துக் கேமராவில் இப்போது வெள்ளை விளக்கைப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: போகும்போது வாலை நாம் பிகேஇ படத்தில் பார்த்தோம். திரும்பும்போது வால் பிஎஸ்ஐ கட்டடத்துக்குள்ளும் ஜோகூர் நகரத்துக்குள்ளும் நீள்கிறது, அதைச் சிங்கப்பூர்க் கேமரா காட்டாது. பாலத்தில் வெள்ளை விளக்கு நெருக்கமாக நின்றால், கண்ணுக்குத் தெரியாத ஒரு வரிசை அதற்குப் பின்னால் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு நேரத்தைக் கூட்டிப் போடுங்கள். அந்தப் பக்கத்துக்கு வரைபடச் செயலியின் நிறமும் வேஸும்தான் கண். இரண்டாம் இணைப்புக்கு வரும் நெடுஞ்சாலையைப் பிளஸ் நிறுவனம் நடத்துகிறது. அவர்கள் செயலியிலும் சாலைக் கேமரா உண்டு. பெருநாள் சமயத்தில் எந்த நாளில் எந்த நேரத்தில் கிளம்பலாம் என்று பயண நேர அட்டவணையும் வெளியிடுவார்கள்.

மலேசியப் போலிஸ் அபராதம் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று மைபயார் பிடிஆர்எம் செயலியில் பார்க்கலாம். விஇபி வந்ததே இந்த நிலுவைகளை வசூலிக்கத்தான் என்பது ஓரளவு உண்மை. அக்கா வீட்டில் சாப்பாடு முடிந்து, மற்றவர்கள் கதை பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் இதையும், டச் 'என் கோ மீதியையும், விருந்தாளியின் வருகை அட்டையையும் ஒரே மூச்சில் பார்த்துவிடுங்கள். ஞாயிறு சாயங்காலம் என்றால் மூன்று மணிக்கு முன்பே கிளம்பிவிடுங்கள், இல்லையென்றால் இரவுச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துவிட்டுப் பத்து மணிக்கு மேல் கேமராவைப் பாருங்கள். நடுவில் கிளம்பினால் கேமராவைப் பார்க்கவே தேவையில்லை, என்ன இருக்கும் என்று எனக்கே தெரியும்.